செக்ரோலும் சிமுலாவும்: பொருள்நோக்கு மொழிகளின் தோற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இரத்தினபுரி மாவட்டத்திலே நிவித்திகலயைச் சூழவுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும், பொதுவாக இலங்கையின் பெருந்தோட்டங்கள் யாவற்றிலும், தமிழ்த் தொழிலாளரின் வழக்கில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலை செக்ரோலில் பதியப்படுவதே பேராகும். குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர். அளவிற் குறைந்தவருக்கு அரைப்பேர். காலை தொட்டு மாலை வரை மலையிலே நின்று உழைத்த ஒருவர், அன்றைய ஏட்டில் ஓர் இலக்கமாகவும் ஒரு பேராகவுமே எஞ்சுகின்றார்.

உலகத்து மனிதரையும் பொருள்களையும் சில பண்புகளாகச் சுருக்கி எழுதிக்கொள்ளும் இம்முறை கணனிக்கு நெடுங்காலம் முற்பட்டது. எனினும், அதனை ஒரு மொழியின் இலக்கணமாகவே அமைத்துக்கொண்டவை பொருள்நோக்கு மொழிகள் எனப்படும் கணனி மொழிகளாகும். அவை தோன்றிய வரலாற்றையும், அத்தகைய மொழியொன்றில் முதன்முதலாகச் செய்நிரல் எழுதி இயக்கும் மாணவர் உண்மையில் எதனைச் செய்கின்றார் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககாலச் செய்நிரல்கள் பெரும்பாலும் கட்டளைகளின் வரிசைகளாகவே அமைந்தன. தரவுகள் ஓரிடத்திலும் அவற்றின்மீது தொழிற்படும் கட்டளைகள் வேறோரிடத்திலும் இருந்தன. 1957 இல் வெளிவந்த போர்ட்ரான் மொழி அறிவியற் கணிப்புகளுக்கு இவ்வகையிலேயே பயன்பட்டது. சமன்பாடொன்றைத் தீர்ப்பதற்கு இம்முறை போதுமானது. ஆனால் மனிதரும் இயந்திரங்களும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து வரிசையில் நின்று வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை விவரிப்பதற்கு அது எளிதிற் பொருந்தவில்லை.

இவ்விடர்ப்பாட்டிலிருந்தே புதிய சிந்தனை பிறந்தது. நோர்வே நாட்டவரான கிறிஸ்தன் நைகார்ட், ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்திற் பணியாற்றியவர். தொழில் நிகழ்ச்சிகளைக் கணனியிலே போலச் செய்து பார்ப்பதற்கு ஏற்ற மொழியொன்றை ஆக்க அவர் விரும்பினார். ஓலே யோஹான் டால் என்பார் அவருடன் இணைந்தார். 1963 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அந்நிலையத்திற்கு யுனிவாக் 1107 கணனி வந்து சேர்ந்தது. அல்கோல் 60 என்னும் மொழியை அடிப்படையாகக் கொண்டு ‘சிமுலா’ உருவாயிற்று.

இவர்கள் எடுத்தாண்ட உதாரணங்களுள் ஒன்று, பாலமொன்றின் சுங்கச் சாவடியிலே காத்து நிற்கும் லொறிகளினதும் பஸ்களினதும் வரிசையாகும். லொறியும் பஸ்ஸும் வெவ்வேறானவை. ஆயினும் இரண்டும் வாகனங்களே. வாகனத்துக்குரிய பொதுவியல்புகளை ஒருமுறை எழுதிவிட்டு, லொறிக்கும் பஸ்ஸுக்கும் உரிய சிறப்பியல்புகளை மட்டும் தனித்தனியே சேர்த்தால் என்ன என்னும் வினா எழுந்தது. ‘வகுப்பு’, ‘உபவகுப்பு’ என்னும் கருத்துகள் இவ்வாறு தெளிவு பெற்றன. 1967 மே மாதம் ஒஸ்லோவுக்கு அண்மையில் நடைபெற்ற மாநாடொன்றில் இருவரும் இவற்றை முன்வைத்தனர். சிமுலா 67 எனப்படும் அம்மொழியே பொருள்நோக்கு மொழிகளின் மூலமாகக் கொள்ளப்படுகின்றது. பொது, சிறப்பு என்னும் பாகுபாட்டை இலக்கண நூல்களிற் பயின்ற தமிழ் மாணவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று.

இதனை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு சென்றவர் அமெரிக்கரான அலன் கே. அவர் வகுத்த ஸ்மோல்டோக் என்னும் மொழி, 1972 ஒக்டோபரில், டான் இங்கல்ஸ் என்பாரின் கைவண்ணத்தில் முதன்முறையாக இயங்கியது. அன்று அது கணித்தது 3 + 4 என்னும் சிறு கூட்டலேயாகும். விடை மிக மெதுவாகவே வந்ததாயினும் தவறாமல் 7 என்றே வந்தது. சிமுலாவைப் பயன்படுத்தி அதன் பயனை உணர்ந்த பியானே ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1979 இல் தொடங்கிய முயற்சியே பின்னர் சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. பைதன் 1991 இலும் ஜாவா 1995 இலும் வெளிவந்தன.

இலங்கையிலே, பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியால் 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணனித் தொழினுட்ப நிலையம் தோன்றியது. காலப்போக்கிற் கணனிக் கல்வி பாடசாலைகளையும் எட்டியது. க.பொ.த. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாகக் கொள்ளும் மாணவர் பைதன் மொழியைக் கற்கின்றனர். 2008 இல் வெளிவந்த பைதன் 3, வகுப்புகளுக்கும் பண்புகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயரிட இடமளிக்கின்றது.

நிவித்திகலத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தன் முதற் செய்நிரலுக்குச் செக்ரோலையே பொருளாக எடுத்துக்கொள்வதாகக் கருதலாம். ‘தொழிலாளி’ என்பது வகுப்பு. பதிவிலக்கம், அன்றைய நிறை ஆகியன அதன் பண்புகள். ‘நிறு’ என்பது அதன் செயல். கொழுந்தின் நிறையை அது கூட்டிச் செல்லும். ‘பேர்’ என்பது மற்றொரு செயல். நிறை 18 கிலோவுக்குக் குறையின் அரைப்பேர், இன்றேல் முழுப்பேர் என அது விடை தரும். பின்னர் அவ்வகுப்பிலிருந்து இரு தொழிலாளரை அவள் ஆக்குகின்றாள். முதல் இயக்கத்திலே, வரியொன்றின் ஈற்றில் முக்காற்புள்ளி விடுபட்டமையால், கணனி பிழை காட்டி நின்றுவிடுகின்றது. திருத்தி மீண்டும் இயக்க, 9 கிலோவும் 8 கிலோவும் நிறுத்தவருக்கு அரைப்பேர் எனவும், 10 கிலோவும் 9 கிலோவும் நிறுத்தவருக்கு முழுப்பேர் எனவும் திரையில் விடை தோன்றுகின்றது.

செய்நிரல் பிழையின்றி இயங்கிவிட்டது. ஆயினும் அது கூறுவது நியாயந்தானா என்பது வேறு வினாவாகும். அன்று பெய்த மழையை அவ்வகுப்பு அறியாது. மலையின் சரிவும், கொழுந்து குறைந்த பருவமும், ஈரத்துக்கும் கூடைக்கும் எனக் கழிக்கப்பட்ட கிலோக்களும் அதன் பண்புகளுள் இல்லை. எழுதப்படாத பண்பு செய்நிரலைப் பொறுத்தவரை இல்லாத பண்பேயாகும். 18 என்னும் எண்ணும் இயற்கை தந்ததன்று. எவரோ ஒருவர் தீர்மானித்ததே.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவருள் ஒருவர் சிமுலாவை ஆக்கிய நைகார்ட் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தொழிலிடங்களை விவரிக்கும் கருவி, அங்கு உழைப்போருக்கு எதிராகவும் பயன்படலாம் என அவர் கண்டார். 1970களின் தொடக்கத்தில் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, புதிய தொழினுட்பத்தைத் தொழிலாளரே கற்று மதிப்பிடுவதற்கான ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். அதன் பயனாக, கணனி முறைகள் பற்றித் தொழிலாளருக்கு முன்னறிவித்தலையும், அவர்தம் பிரதிநிதிகளுக்கு அவற்றிற் பங்களித்தலையும் உறுதிசெய்யும் உடன்படிக்கைகள் அந்நாட்டில் ஏற்பட்டன. 1975 இல் அவை தேசிய மட்டத்திலும் இடம்பெற்றன. நைகார்டுக்கும் டாலுக்கும் 2001 ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டே இருவரும் காலமாயினர்.

இலங்கைத் தோட்டங்கள் சிலவற்றிலும் மின்னணுத் தராசுகளும் கணனிப் பதிவுகளும் புகுந்துள்ளன. கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே தவறு நேர்ந்தால் மடுவத்தில் நின்று அவரைக் கேட்கலாம். செய்நிரலில் உறைந்துள்ள விதியைக் கேள்வி கேட்பதற்கு, அதனை வாசிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். எனவே தோட்டப் பாடசாலைக்குக் கணனிக் கல்வி இன்றியமையாதது என்பது உத்தியோகத்தை மட்டும் கருதிய கூற்றன்று. ஒரு நாளைய உழைப்பு முழுப்பேரா அரைப்பேரா எனத் தீர்மானிக்கும் வகுப்பை எழுதுவோருள், அந்தப் பேருக்கு உரியவரின் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும் என்பதே சிமுலாவின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.