பலாலியின் வெள்ளைக் கோடுகள்

பலாலி விமானத்தளத்தின் கதை பலரும் அறிந்ததே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை வலிகாமத்துச் செம்மண் வெளியில் அதனை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதலாவது பறப்பு இரத்மலானையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் இங்கே தரித்துச் சென்றது. பின்னர் யுத்தம் வந்தது, தளம் படையினருடையதாயிற்று, சூழவிருந்த மக்கள் ஊரையும் காணியையும் இழந்தனர். 2019 ஒக்டோபர் 17 அன்று அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாத் தொற்றினால் 2020இல் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது.

இந்த வரலாற்றில் எவரும் கவனியாத ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது ஓடுபாதையில் பூசப்படும் வர்ணம்.

பலாலி ஓடுபாதையின் ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் இலக்கங்கள் உள்ளன. அவை காந்தத் திசையைக் குறிப்பவை. 05 என்றால் ஏறத்தாழ 50 பாகை. எதிர்த்திசை 230 பாகை. பூமியின் காந்தப்புலம் மெல்ல நகர்வதால் இந்த இலக்கங்களும் நிரந்தரமானவை அல்ல. இலண்டன் ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையம் 2009இல் தன் 05ஐ அழித்து 04 என எழுதிக்கொண்டது. ஓடுபாதையின் வாசலில் உள்ள வரிக்கோடுகளுக்கும் கணக்குண்டு: அகலம் 30 மீற்றராயின் 8 கோடுகள், 45 மீற்றராயின் 12. ஓடுபாதையில் வெள்ளை, அதற்கு இட்டுச்செல்லும் பாதையில் மஞ்சள். பாதையொன்று மூடப்பட்டால் அதன்மீது பெரிய பெருக்கற்குறி இடவேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினால் என்ன நேரும்? 2000 ஒக்டோபர் 31 இரவு, தாய்ப்பேயில் புயல்மழை. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் 747 விமானம் 05 இடது பாதையில் புறப்படவேண்டியது. ஆனால் அருகே திருத்தவேலைக்காக மூடப்பட்டிருந்த 05 வலது பாதையில் திரும்பி ஓடியது. கட்டுமான இயந்திரங்களில் மோதிச் சிதறியது. விமானத்திலிருந்த 179 பேரில் 83 பேர் மாண்டனர். செல்லும் வழியை விமானிகள் சரிவரச் சரிபார்க்கவில்லை என்பது விசாரணையின் முடிவு. எனினும் தரையிலும் குறைகள் இருந்தன. மூடிய பாதையின் அந்த நுழைவாயிலில், அது மூடப்பட்டதைக் காட்டும் குறி இருக்கவில்லை. சரியான பாதைக்கு அழைத்துச் செல்லவேண்டிய மையக்கோடு இடையிலே அறுந்திருந்தது.

பத்திரிகைப் பணியில் ஒருமுறை, பக்கத்தில் முந்திய நாளின் திகதியை மாற்ற மறந்து அச்சுக்கு அனுப்பினோம். வாசகர் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். விமானிக்கு அந்த வசதி இல்லை. தரை சொல்வதை அவர் சில விநாடிகளில் நம்பியாகவேண்டும்.

ஆகவே பழைய கோட்டை முற்றாக அகற்றுவதும் புதிய கோட்டை இழுப்பதைப் போலவே முதன்மையான வேலை. மேலே கறுப்பு மை பூசி மறைத்தால், அது தேய்ந்ததும் பழைய கோடு மீண்டும் எட்டிப்பார்க்கும். ஈரத்தரையிலோ தூசி படிந்த தரையிலோ பூசிய வர்ணம் உரிந்துபோகும். வர்ணத்தின்மீது தூவும் கண்ணாடி மணிகள் குறைந்தால், இரவில் விமானத்தின் விளக்கொளியில் கோடு மங்கித் தெரியும். சக்கரங்களின் இறப்பர் படிந்து இலக்கத்தை மூடும்.

கட்டங்கட்டமாகப் புதுப்பிக்கப்படும் எந்தத் தளத்திலும் பழைய அடையாளமும் புதிய அடையாளமும் அருகருகே வாழ நேரும். பலாலியும் இதற்கு விலக்கல்ல. இந்த நிலத்துக்காக எம்மக்கள் கொடுத்த விலை பெரிது. அதன்மேல் இழுக்கப்படும் ஒவ்வொரு கோடும் பிழையின்றி இருக்கவேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையாகாது.