சில்லறைக்குள் புதையல்: ஒரு புரளியின் வரலாறு

எங்கள் நண்பர் ஒருவரின் பெரியம்மா பூக்கட்டி விற்பவர். சில ஆண்டுகளாக அவர் ஒரு பவுடர் டப்பாவில் ஐந்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வந்தார். எல்லா நாணயங்களையும் அல்ல; வைஷ்ணவி தேவியின் உருவம் பொறித்தவற்றை மட்டும். அந்த நாணயம் ஒன்று பத்து இலட்சம் ரூபாய்க்குப் போகும் என்று யாரோ ஒரு காணொளியை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அதில் கண்ட எண்ணுக்குப் பேசினார். மறுமுனையில் இருந்தவர் மிகுந்த மரியாதையுடன் பேசினாராம். முதலில் பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பிறகு வரி என்று 2,200. பிறகு பணத்தை எடுத்து வரும் வண்டிக்குக் காப்பீடு என்று 3,500. அதன்பின் அந்த எண் அணைந்துவிட்டது.

நாணயங்களைப் பற்றி ஓரளவு படித்தவர்கள் என்ற எண்ணத்தில் நண்பர் அந்த டப்பாவை எங்களிடம் கொண்டுவந்தார். 41 நாணயங்கள் இருந்தன, 205 ரூபாய். உடன் வந்திருந்த பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இது நெசக் காசுதானே தம்பி? அப்புறம் ஏன் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல எங்களால் இயலவில்லை. இக்கட்டுரை அதற்கான விடை.

அந்த நாணயம் உண்மையானதுதான். ஸ்ரீ மாதா வைஷ்ணவி தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவை ஒட்டி 2012இல் வெளியிடப்பட்டது. நினைவு நாணயம் என்றாலும் புழக்கத்துக்கென்றே பெரும் எண்ணிக்கையில் அடிக்கப்பட்டது. ஆகவேதான் ஒரு பூக்காரரின் கைக்கு அது 41 முறை வந்து சேர்ந்தது. ஒரு பொருள் அரிதாக இருந்தால் அது ஒருவருக்கே இத்தனை முறை கிட்டாது என்ற எளிய கணக்கை அந்தக் காணொளி யாரையும் போட விடுவதில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஐந்து ரூபாய் நாணயத்துக்கு இலட்சம் மதிப்பு உண்டென்று நம்பிய அதே தமிழகத்து ஊர்களில்தான் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற புரளியும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. கதிர்க்கோடுகள் பத்து இருந்தால் நல்ல காசு, பதினைந்து இருந்தால் கள்ளக்காசு என்றார்கள். ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி என்றார்கள். உண்மையில் ரூபாய்க் குறியீடு நாணயங்களில் ஏறியதே 2011இல்தான். அதற்கு முந்தையவற்றில் அது எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டுள்ளது என்றும், அத்தனையும் செல்லும் என்றும் அறிவித்தது. அதற்குப் பிறகும் பேருந்திலும் பெட்டிக்கடையிலும் அந்தக் காசை வாங்க மறுத்தவர்கள் பலர். ஒரு காசை ஒன்றுமில்லாததாக்கியதும், இன்னொன்றை இலட்சமாக்கியதும் புரளிதான்.

காசும் புரளியும் சேர்ந்து நடப்பது புதிதன்று. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் புதிய வெள்ளி ரூபாய் வெளிவந்தது. உருவத்தை வடித்தவர் பெர்ட்ரம் மெக்கென்னல் என்ற புகழ்பெற்ற சிற்பி. மன்னரின் மார்பணியில் ஒரு சிறு யானை இருந்தது. அதன் தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. மன்னர் வேண்டுமென்றே பன்றியை அணிந்திருக்கிறார் என்ற பேச்சு பரவியது. இசுலாமியரிடையே கடும் மனக்கசப்பு எழுந்தது. அரசு வெளியீட்டை நிறுத்தியது. அடிக்கப்பட்டவை ஏறத்தாழ 94 இலட்சம். வெளியே போனவை 7 இலட்சம் அளவில்தான். மீதம் உருக்கப்பட்டன. 1912 முதல் யானைக்குத் தும்பிக்கை தெளிவாக வரையப்பட்டது. 1911ஆம் ஆண்டு ரூபாயை இன்றும் சேகரிப்பாளர்கள் 'பன்றி ரூபாய்' என்றே அழைக்கிறார்கள், தேடி வாங்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஆயிரங்களில்தான்; இலட்சங்களில் அன்று.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ரூபாய்க்கு மதிப்பைத் தந்தது புரளி அன்று. புரளியின் விளைவாக நிகழ்ந்த உருக்கம். எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை எஞ்சின, எஞ்சியவற்றை எத்தனை பேர் விரும்புகிறார்கள், அவை எந்த நிலையில் இருக்கின்றன ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு நாணயத்தின் விலை. இவற்றுள் எதுவும் காணொளியில் சொல்லப்படுவதில்லை.

அப்படியானால் நம் சட்டைப்பையில் புதையலே இருக்காதா? பெரும்பாலும் இருக்காது. அதற்கான காரணம் சுவையானது. நம் கைக்கு வரும் சில்லறை, நமக்கு முன்பே பலரால் சலிக்கப்பட்டது. 1835 முதல் ஒரு நூற்றாண்டுக் காலம் ரூபாய் என்பது பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி கொண்ட, ஒரு தோலா எடையுள்ள நாணயம். போர்க்கால நெருக்கடியில் 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதிப் பாதியில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தன. வெள்ளி குறைந்த காசு வந்ததும் நிறைந்த காசு பெட்டிக்குள்ளும் பட்டறைக்குள்ளும் மறைந்தது. பிறகு அந்தப் பாதி வெள்ளிக் காசுகளையும் அரசே திரும்பப் பெற்றது. போரின்போது அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர அவை உருக்கப்பட்டன. 1947இல் வந்த ரூபாய் வெறும் நிக்கல்.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. அணாவும் தம்பிடியும் மெல்ல விடைபெற்றன. ஓட்டைக் காலணா பாட்டிமார்களின் சுருக்குப்பையிலும் குழந்தைகளின் அரைஞாணிலும் தங்கியது. 2011 ஜூன் 30இலிருந்து 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமற் போயின. தடித்த பழைய ஐந்து ரூபாய் நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடுகளாகின்றன என்று 2007 வாக்கில் செய்திகள் வந்ததும் நினைவிருக்கலாம். உலோக மதிப்பு முக மதிப்பை மீறும்போதெல்லாம் காசு கையை விட்டு ஓடிவிடும். ஆக, இன்று நம் பையில் கிடப்பது யாரும் உருக்க விரும்பாத காசு.

பழையது என்பதாலேயே விலை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பிழையானது. 1808ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென்று இங்கிலாந்தில் செப்புக் காசுகளை அடித்தது. அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவில் கீரைக்கும் மீனுக்கும் கைமாறியிருக்க வேண்டிய காசுகள் ஏறத்தாழ 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்தன. 1980களில் முக்குளித்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். விளைவு, இருநூறாண்டுப் பழமையும் கப்பல் முழுகிய கதையும் கொண்ட அந்தக் காசு, இன்று சேகரிப்பாளர் சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றுள் ஒன்று.

அதே கம்பெனியின் பெயரால் இன்னொன்றும் உலவுகிறது. கோயில் வாசல்களிலும் நடைபாதைகளிலும் '1818, கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா' என்று பொறித்து, மறுபுறம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ தாமரையோ கொண்ட வில்லைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அத்தகைய நாணயம் எதையும் வெளியிட்டதில்லை. இவை பிற்காலத்தில் விற்பனைக்கென்று செய்தவை. பூசையறையில் வைத்திருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வில்லை அரிசியை இழுக்கும், இதனுள் இரிடியம் இருக்கிறது, விண்வெளி ஆய்வுக்காரர்கள் கோடிகளில் வாங்குவார்கள் என்று சொல்லித்தான் 'ரைஸ் புல்லிங்' மோசடிக்காரர்கள் தமிழகத்தில் பலரை வீட்டை விற்க வைத்திருக்கிறார்கள். அரிசி மணியில் இரும்புத் துகளை ஒட்டி, காசுக்குக் காந்தத் தன்மை ஏற்றிக் காட்டும் வித்தை அது. இரிடியத்துக்கு அரிசியை இழுக்கும் பண்பு கிடையாது.

புழக்கக் காசுகளைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியைக் காட்டி மயக்குகின்றன. அந்தக் குறி வேறொன்றுமில்லை. காசு அடிக்கப்பட்ட இடத்தின் அடையாளம். வைரக் குறி என்றால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஐதராபாத். வட்டப்புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. 'புள்ளி உள்ள காசு ஐந்து இலட்சம்' என்பது நொய்டாவில் அடித்த அத்தனை காசுக்கும் ஐந்து இலட்சம் என்று சொல்வதற்குச் சமம்.

உண்மையில் விலை பெறும் புழக்கக் காசுகள் சிலவும் உண்டு. அவை பெரும்பாலும் பிழைக் காசுகள். வெற்று வில்லை சரியாக அமராமல் அச்சு ஒரு பக்கம் விலகி விழுந்தவை ஒரு வகை. முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையின் மீது அதே உருவம் குழிந்தும் இடம் வலம் மாறியும் பதிந்தவை இன்னொரு வகை. இத்தகையவற்றைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள். பெரும்பாலானவை நூறுகளிலும் சில ஆயிரங்களிலும் முடிகின்றன. சுத்தியலால் நசுக்கியும் இரண்டு காசுகளை அறுத்து ஒட்டியும் செய்த செயற்கைப் பிழைகளும் சந்தையில் இருப்பதால் எச்சரிக்கை தேவை. அரிய ஆண்டுகளுக்கும் இதே நிலைதான். 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் மெய்யாகவே அரியது. அரியது என்பதாலேயே அதில் போலிகள் மிகுதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய காசு கிடைத்ததும் புளி போட்டுத் துலக்குவது நம் வீடுகளில் முதல் வேலை. குத்துவிளக்குக்கு அது பொருந்தும், காசுக்குப் பொருந்தாது. காலம் படிந்த மேற்பரப்பு போனால் சேகரிப்பாளருக்கு அதன்மேல் உள்ள விருப்பமும் பாதி போய்விடும்.

எது உண்மை, எது ஏமாற்று என்று பிரித்தறிய நாணயவியல் அறிஞராக வேண்டியதில்லை. ஒன்றைக் கவனித்தால் போதும்: வாங்க வருபவர் பணம் தருவார், தன்னிடம் விற்பதற்கு நம்மிடமே பணம் கேட்க மாட்டார். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதையே அறிவிப்பாக வெளியிட்டது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை என்றும், அதற்காகக் கட்டணமோ தரகோ தான் கேட்பதில்லை என்றும், தன் பெயரைச் சொல்லி எவருக்கும் அத்தகைய அதிகாரம் தரவில்லை என்றும் அது தெரிவித்தது. அந்த அறிவிப்பு பெரியம்மாவின் கைப்பேசிக்கு வரவில்லை, காணொளி வந்தது.

இத்தனையும் சொன்னபின், சில்லறையில் தேடுவதே வீண் என்று முடித்துவிடவும் எங்களுக்கு மனமில்லை. தமிழ்நாட்டின் மிகப்பெரும் நாணயக் கண்டுபிடிப்புகள் சில அப்படித் தேடியதால்தான் கிடைத்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பிழைத்தவர்களின் கையில் தேய்ந்துபோன காசுகள் கிடைக்கும்; அவை பழம்பொருள் கடைகளுக்கு எடைக்குப் போகும். அவற்றுள் 'மாக்கோதை', 'குட்டுவன்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகள் இருந்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிக்கொணர்ந்த ஒரு சதுரச் செப்புக் காசில் ஒருபுறம் குதிரையும் மறுபுறம் மீன் சின்னமும் இருந்தன. குதிரைக்கு மேலே 'பெருவழுதி' என்ற எழுத்துகள். சங்கப் பாடல்களின் வழியாக நாம் அறிந்திருந்த பாண்டியர் பெயர் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் செம்பில் எழுந்து நின்றது. எடைக்குப் போட்டவர் கையிலும் அதே காசுதான் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் கைக்கு வந்தபோது அது வரலாறாயிற்று.

(மண்ணுக்குள் புதைந்து கிடைக்கும் காசு பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தேடுகிறவர்கள் இதையும் அறிந்திருப்பது நலம்.)

பெரியம்மாவுக்கு நாங்கள் இவ்வளவும் சொல்லவில்லை. காசு நல்ல காசுதான், ஐந்து ரூபாய்க்குச் செல்லும், போன பணத்துக்குக் காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கு 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று மட்டும் சொன்னோம். நண்பர் புகார் அளித்தார். பணம் இதுவரை வரவில்லை. டப்பாவை மூடியபடி பெரியம்மா சொன்னார்: "நாப்பது காச மாத்திக்கறேன் தம்பி. ஒண்ணு சாமிகிட்ட இருக்கட்டும்."

அந்த ஒரு காசின் விலை என்ன என்று எந்தப் பட்டியலிலும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.