தகடூர்த் தச்சனும் சத்தம் போடாத டயரும்

என் மாமாவிடம் ஒரு ஜீப் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஃபோர் வீல் டிரைவ். பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு ரேஷன் மூட்டை, சிமெண்ட், கல்யாண சாமான் எல்லாம் அதில்தான் போகும். அது வருவது எங்கள் தெருவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஹாரனால் அல்ல, எஞ்சினாலும் அல்ல... டயரால்! பெரிய பெரிய பட்டன் வைத்த மட் டயர். தார் ரோட்டில் ஏறியதும் "ம்ம்ம்ம்" என்று ஒரு ஊளை.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி மலையிலிருந்து ஒரு தாத்தாவை தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சு வலி. மலைப்பாதையில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, டயர் அருமையாக இறங்கியது. மெயின் ரோட்டுக்கு வந்து வேகம் எடுத்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பேசுவது எதுவுமே காதில் விழவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. "தாத்தா என்னமோ சொல்றாரு, வண்டிய ஓரங்கட்டுங்க மாமா" என்று கத்தி, நிறுத்தி, குனிந்து கேட்டால், தண்ணி கேட்டிருக்கிறார். அப்படி இரண்டு தடவை நிறுத்தினோம். (தாத்தா பிழைத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறார்.)

மறுவாரம் டயர் கடையில் கேட்டேன், மலையில் கைவிடாத, ரோட்டில் கத்தாத டயர் கிடையாதா என்று. "பட்டன் பெருசா இருந்தா சத்தம் வரத்தான் செய்யும் தம்பி" என்றார் கடைக்காரர். இது உண்மையா என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பழைய காலத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

நம்ம ஊருக்கும் சக்கரத்துக்கும் உள்ள சம்பந்தம் சங்க காலத்திலேயே இருக்கிறது. தருமபுரிதான் அன்றைய தகடூர், அதியமானின் ஊர். புறநானூற்றின் 87-வது பாட்டில் ஔவையார் அதியமானின் எதிரிகளிடம் பேசுகிறார். போர்க்களத்துக்கு வராதீர்கள், எங்களிடம் ஒருவன் இருக்கிறான் என்கிறார். அவனுக்கு என்ன உவமை தெரியுமா? புலி இல்லை, யானை இல்லை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய கெட்டிக்காரத் தச்சன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து செய்த ஒரே ஒரு சக்கரம். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது மார்க்குக்காகப் படித்தேன். இப்போதுதான் புரிகிறது. எட்டுத் தேருக்கு ஒரு நாள் போதும் என்றால் ஒரு சக்கரத்துக்கு ஏன் முப்பது நாள்? வண்டியின் மற்ற பாகம் எல்லாம் வண்டியோடு நிற்கும். சக்கரம் மட்டும்தான் தரையோடு மல்லுக்கட்டும்.

102-வது பாட்டு இன்னும் சுவாரசியம். இதுவும் ஔவையார்தான், பாடப்பட்டவன் அதியமானின் மகன் பொகுட்டெழினி. உப்பு வணிகர்களின் வண்டி. நுகம் பழகாத இளம் மாடு, பாரமோ அதிகம். போகிற வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும் என்று வண்டிக்கு அடியில் ஒரு உபரி அச்சைக் கட்டிவைத்திருப்பார்களாம். சேம அச்சு. அதைப்போல நீ இருக்கிறாய் என்கிறார். அதாவது ஸ்டெப்னி! நாம் சொல்கிற இந்த 'ஸ்டெப்னி' என்ற வார்த்தை வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். 1904-ல் அங்கே ஆரம்பித்த உபரிச் சக்கரக் கம்பெனி, தெருப் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டது. அங்கே அது வழக்கொழிந்து போனாலும் நம்ம ஊர் லாரி டிரைவர் வாயில் இன்னும் இருக்கிறது.

இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம். மரச் சக்கரம் தேயாமல் இருக்க இரும்புப் பட்டா மாட்டினார்கள். அதுதான் நம் கிராமங்களின் முதல் டயர். கல்லில் உருண்டால் எப்படிக் கடகடக்கும் என்பது மாட்டு வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். இரும்புக்குப் பதில் காற்று என்று முதலில் யோசித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845-ல் காப்புரிமை வாங்கும்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணிக் குழாய், மேலே தோல் உறை. 1847-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டிக் காட்டினார். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தன் கண்டுபிடிப்பு எதற்கு என்று காப்புரிமையில் அவர் சொன்ன காரணங்கள் மூன்று. இழுக்கும் பலம் குறையும், ஓட்டம் சுகமாக இருக்கும், சத்தம் குறையும்.

ஆக, காற்று டயர் பிறந்ததற்கே சத்தமும் ஒரு காரணம்! அப்போது அது விலை போகவில்லை. நாற்பது வருஷம் கழித்து 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். பிற்பாடு தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது தனிக் கதை.

அப்புறம் இந்த ஊளை எங்கிருந்து வந்தது? யுத்தத்திலிருந்து. 1941-லிருந்து அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. அதன் டயர் 6.00-16. பட்டன்கள் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் குறுக்காக, படிக்கட்டு மாதிரி வரிசையாக இருக்கும். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே பிடிப்பு. அதனால் தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போனது என்று எதிரியால் கண்டுபிடிக்க முடியாது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கூரை இல்லாத வண்டியில், குண்டுச் சத்தத்துக்கு நடுவில், டயர் சத்தத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

1945-ல் ஆரம்பித்த மஹிந்திரா அண்ட் முகமது, 1947-ல் வில்லிஸ் ஜீப்பை பாகங்களாக இறக்கி இங்கே பூட்ட ஆரம்பித்தது. (மறு வருஷமே மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆகிவிட்டது.) ஜீப்போடு அந்த டயரின் ஜாடையும் வந்து சேர்ந்தது. மின்வாரியம், வனத்துறை, போலீஸ் என்று மலைக்குப் போனதெல்லாம் ஜீப். வீரப்பன் தேடுதல் நடந்த காலத்தில் ஜீப் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்விடுவோம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2004 அக்டோபர் 18-ம் தேதி பாப்பாரப்பட்டி அருகே அந்தக் கதை முடிந்தது.

டயர் தேய்ந்தால்? தூக்கிப் போட யாரிடம் காசு இருந்தது! ரீட்ரெடிங்தான். இதில் ஒரு சென்னைக் கதை உண்டு. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். பலூனிலிருந்து 1952-ல் அவர் தாவியது டயருக்கு அல்ல, ரீட்ரெடிங் செய்யும் ரப்பருக்கு. அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயர் தொழிலுக்குள் வந்தது 1961-ல்தான். அதுதான் எம்.ஆர்.எஃப்.

இப்போது கடைக்காரர் சொன்ன விஷயம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஜீப் டயர் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 2.2 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழரைச் சுற்று. சுற்றி 40 பட்டன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வினாடிக்கு 300 தடவை ரப்பர் ரோட்டில் அறைகிறது. வினாடிக்கு 300 அதிர்வு என்பது மனிதப் பேச்சின் ஒலி எல்லைக்குள்ளேயே வருகிறது. தாத்தா பேசியது ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. போதாததற்கு, பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொண்ட காற்று நசுங்கிப் பிதுங்கி வெளியே பாயும் சத்தம் வேறு.

ஆனால் கவனியுங்கள், ஊளைக்குக் காரணம் பட்டன் பெரிதாக இருப்பது மட்டுமல்ல. எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருப்பதுதான் ஒரே சுருதியில் கத்த வைக்கிறது. அதனால் டயர் பொறியாளர்கள் பட்டன்களை வேண்டுமென்றே சிறிதும் பெரிதுமாகக் கலைத்து அடுக்கினார்கள். சத்தம் முழுக்க ஒழியாது, ஆனால் பல சுருதிகளில் சிதறி வெறும் காற்றுச் சத்தம் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, பட்டனின் விளிம்பைச் சாய்த்து வெட்டுவது. குறுக்காக இருந்தால் விளிம்பு முழுவதும் ஒரேயடியாக ரோட்டில் விழும். சாய்வாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பல கார்களில் ரிவர்ஸ் கியர் மட்டும் ஏன் ஊளையிடுகிறது? அதன் பல் நேராக இருக்கும், மற்ற கியர்களின் பல் சாய்வாக இருக்கும். அதே சூட்சுமம்தான்.

இதற்கு வழி திறந்தது ரேடியல் டயர். மிஷெலின் 1946-ல் காப்புரிமை பெற்று 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் முதலில் செய்தது ஜே.கே. டயர், 1977-ல். அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் 1976-லேயே ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவாக 'ஆல்-டெரெய்ன்' ரேடியலை இறக்கிவிட்டது. நம் நாட்டில் அது சாதாரண ஆட்கள் பேச்சில் அடிபட ரொம்ப நாளானது. 2020-ல் வந்த புதிய தார் வண்டியில் கம்பெனியே 255/65 ஆர்18 அளவில் ஆல்-டெரெய்ன் போட்டுக் கொடுத்தபோதுதான் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாம் டயர் பண்டிதர்கள் ஆனார்கள். 2022 ஜூனில் மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம், ஈர ரோட்டில் பிடிப்பு, உருளும்போது வரும் சத்தம் இவற்றுக்கெல்லாம் தர வரம்பு கட்டாயம் என்று அறிவிக்கை வெளியிட்டது. தாம்சன் சொன்னது 177 வருஷம் கழித்து நம் ஊர்ச் சட்டத்தில்!

சரி, நம் மாவட்டத்துக்கு எது? என் அபிப்பிராயம், இங்கே பெரும்பாலானோருக்கு மட் டயர் தேவையே இல்லை. சேறு இங்கே சில வாரக் கதை. வருஷம் முழுக்க இருப்பது கல். கூரான கருங்கல் டயரின் நடுவை விட பக்கவாட்டைத்தான் கிழிக்கும். மலை டிரைவர்கள் ரேடியலை நம்பாமல் நைலான் டயரையே பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான், அதன் பக்கவாட்டு கெட்டி. அவர்களைப் பத்தாம்பசலி என்று சிரிப்பது தப்பு. இப்போது பக்கவாட்டைக் கெட்டியாக்கிய ஆல்-டெரெய்ன் ரேடியல்கள் வருகின்றன, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் தொப்பூர் கணவாய். சேலம் போகிற எல்லா வண்டியும் அதில் இறங்கித்தான் ஆகவேண்டும், அங்கே நடக்கும் விபத்துகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பெரிய பட்டன் டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் அதிக தூரம் போய்த்தான் நிற்கும். மலைக்கு என்று வாங்கிய டயரால் தொப்பூரில் போய் மாட்டக்கூடாது.

இன்னொரு விஷயம் காற்று. இரண்டாம் உலகப் போரில் டக் என்று ஒரு நீர்-நில லாரி இருந்தது, டிரைவர் சீட்டில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். மணலில் இறங்கும்போது குறைப்பார்கள், டயர் தட்டையாகிப் பிடிப்பு கூடும். நமக்கு ஒரு கேஜும் சின்ன பம்ப்பும் போதும். சேற்றில் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாக ஓட்டினால், மட் டயர் வேண்டும் என்று நினைத்த பல இடங்களை ஆல்-டெரெய்னே தாண்டிவிடும். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீல் போடும்போது கியர் பெட்டி அடி வாங்கும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம் செய்தது. டயர்களை இடம் மாற்றிப் போடாவிட்டால் பட்டன் ரம்பப்பல் மாதிரி தேய்ந்து, அமைதியான டயரும் கத்த ஆரம்பித்துவிடும்.

டயரே போக முடியாத இடமும் நம் மாவட்டத்தில் இருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் பென்னாகரம் பக்கத்து கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷின்களைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அங்கே எந்தக் கம்பெனி டயர் நல்லது என்ற பேச்சுக்கே இடமில்லை, முதலில் பாதை வேண்டும்.

மாமா கடைசியில் நாலு ஆல்-டெரெய்ன் வாங்கிவிட்டார். விலையைக் கேட்டு அத்தை இரண்டு நாள் பேசவில்லை. ஊளை போய்விட்டது, லேசாக ஒரு இரைச்சல் மட்டும். பின் சீட்டில் இருந்து சாதாரணமாகப் பேசினாலே அவருக்குக் கேட்கிறது. பழைய மட் டயரில் தேயாமல் இருந்த ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டிருக்கிறார். அளவு ஒன்றுதான், ஆனாலும் அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போடமாட்டேன், பஞ்சர் கடை வரைக்கும்தான் என்கிறார்.