கிழிபடும் இரண்டு கடிதங்கள்: 'ஒனேகின்' பாலேயின் கதை

இந்த எபிசோடில் ஒரு கடிதத்தைப் பத்திப் பேசப்போறேன். புஷ்கின் எழுதிய 'யெவ்கேனி ஒனேகின்' செய்யுள் நாவலில், தத்யானா என்ற கிராமத்துப் பெண் ஒனேகினுக்கு எழுதும் காதல் கடிதம் அது. 1833-ல் முழு நூலாக வந்த நாவல். சொல்தான் அதற்கு உயிர். அதைப் பேச்சே இல்லாத பாலேவாக எப்படி ஆக்குவது?

அதைச் செய்தவர் ரஷ்யர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜான் கிராங்கோ. 1952-ல் லண்டனில், இதே கதையை வைத்து சைகோவ்ஸ்கி இயற்றிய ஓபராவுக்கு நடனம் அமைத்தவர். பிறகு ஜெர்மனிக்குப் போய் ஸ்டுட்கார்ட் பாலே குழுவின் தலைவரானார். அங்கேதான் 1965 ஏப்ரல் 13 அன்று 'ஒனேகின்' அரங்கேறியது. தத்யானாவாக ஆடியவர் மார்சியா ஹைதே.

ஓபரா இசையை பாலேவுக்கு எடுக்கக்கூடாதுன்னு எதிர்ப்பு இருந்தது. அதனால் கூர்ட்-ஹைன்ஸ் ஸ்டோல்ட்சே, சைகோவ்ஸ்கியின் பியானோ துணுக்குகளையும் வேறு படைப்புகளையும் கோத்துப் புது இசை செய்தார். ஓபராவிலிருந்து ஒரு ஸ்வரம்கூட இல்லை. ஒருவகையில் நல்லதாப் போச்சு. கிராங்கோ ஓபராவின் நிழலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். தத்யானா எழுதுவதை எத்தனை நேரம் மேடையில் காட்ட முடியும்? எழுதும்போதே அவள் தூங்கிப்போகிறாள். கண்ணாடிக்குள்ளிருந்து ஒனேகின் இறங்கி வந்து அவளோடு ஆடுகிறான். கடிதத்தில் இருப்பது அந்த ஆட்டம்தான்.

நாவலில் ஒனேகின் அவளுக்குத் தோட்டத்தில் அறிவுரை சொல்கிறான். ஆனால் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறான். பாலேயில் அறிவுரை சொல்ல வாய் இல்லையே! அவள் கண்ணெதிரே கிழித்துப் போடுகிறான். வருடங்கள் கழித்து, இன்னொருவர் மனைவியான அவளுக்கு இவன் கடிதம் எழுதுகிறான். இப்போது கிழிப்பது அவள் முறை.

புஷ்கினின் ஒனேகினைவிட இவன் கொடியவனாகத் தெரிகிறான், உண்மைதான். ஆனால் முதல் கிழிப்பு இல்லாவிட்டால் கடைசிக் கிழிப்புக்குக் கனம் ஏது?

முதல் வடிவத்தில், முடிவில் தத்யானா தன் குழந்தைகளுக்கு முத்தம் கொடுப்பாள். கிராங்கோ பிறகு அதை நீக்கிவிட்டார். நீக்கியது சரின்னுதான் எனக்குத் தோணுது. குழந்தைகள் வந்தால் அது கடமையின் வெற்றி ஆகிவிடும். இப்போது அவள் தனியாக நிற்கிறாள். வென்றாளா, இழந்தாளா? அதைச் சொல்லாமலே திரை விழுகிறது.