சப்பாத்தின் அடியில் இருக்கும் வரலாறு

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டது. நமது தோட்டப் பாடசாலைகளில் பல பிள்ளைகள் இன்றும் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள். "வெறுங்காலில் ஓடினால்தான் வேகம், அபேபே பிகிலாவைப் பாருங்கள்" என்பார்கள் சிலர். உண்மைதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மரதன் ஓட்டத்தை அவர் வெறுங்காலில் ஓடி வென்றார். ஆனால் 1964 டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் தங்கம் வென்றவரும் அவரேதான்.

மலையகத்தில் வெறுங்கால் யாரும் விரும்பி எடுத்த முடிவல்ல. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தார்கள். தோட்டங்களிலும் வெறுங்காலோடுதான் வேலை. ஈர மண்ணிலிருந்த கொழுக்கிப்புழு பாதத்தின் தோல் வழியே உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. ரொக்பெல்லர் மன்றம் 1916இல் இதற்கு எதிரான வேலைத்திட்டத்தை மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பித்தது.

சப்பாத்தின் மூலப்பொருளோ நம் பக்கத்திலேயே இருந்தது. 1876இல் அமேசனிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளின் நாற்றுகள், அதே ஆண்டில் கம்பஹா ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இன்றும் ஹட்டனிலிருந்து கித்துல்கல வழியாக இறங்கினால் இறப்பர் மரங்களைக் காணலாம்.

இறப்பர் அடி வழுக்காது, ஆனால் அதிர்வைத் தாங்க அது மட்டும் போதாது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. 1970களில் இறப்பருக்கு மேலே மென்மையான ஈவிஏ நுரை அடுக்கு வந்தது. அது அமுங்கி, அதிர்வை மெதுவாகக் காலுக்குக் கொடுக்கிறது. பின்பக்கத்து விறைப்பான பகுதி குதிக்கால் ஆடாமல் பிடிக்கிறது. தட்டையான கறுப்புப் பாடசாலைச் சப்பாத்தில் இந்த நுரை இருப்பதில்லை.

பெற்றோரே, "வளர்ற கால்தானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். குதிக்கால் நழுவினால் கொப்புளம் வரும், கணுக்கால் பிரளும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடியும் இடத்தில்தான் மடிய வேண்டும், நடுவில் அல்ல.

பிள்ளைக்குச் சிறிதாகிப்போன, அடி தேயாத சப்பாத்து வீட்டில் இருந்தால் கழுவிக் காயவைத்துப் பாடசாலைக்குக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஓட்டத்துக்கு அது இன்னொரு பிள்ளைக்கு உதவும்.