நம்பர் இருக்கு சார், பயமில்லையே?

போன ஞாயிறு மதியம், இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் தஞ்சாவூர் நண்பர் கேட்டார். ஊரிலிருந்து அவர் அம்மா பேத்திக்கு ஒரு சங்கிலி அனுப்பப் போகிறாராம். "ஸ்பீட் போஸ்ட்தான் சார். நம்பர் போட்டு எங்கே இருக்குன்னு பார்த்துக்கலாம். பயமில்லையே?"

நம்பர் வேறு, பணம் வேறு என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொல்ல ஆரம்பித்தது நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி காலத்தில் கடிதத்துக்கு ஒரு தபால், மூட்டைக்கு ஒரு தபால். மூட்டைத் தபாலுக்குப் பெயர் 'பங்கி'. இந்தியில் பஹங்கி என்றால் நம் காவடி மாதிரி தோளில் போடும் தண்டு. இரண்டு பக்கமும் சுமையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆள் நடப்பார். முருகனுக்குப் பால் காவடி, வெள்ளைக்காரனுக்குப் பார்சல் காவடி :-)

அந்தக் காலத்தில் பணத்தை எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? வங்கிக்காரன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. ரூபாய் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த பாதி கிளம்பும். நடுவில் எவனாவது எடுத்தாலும் கையில் இருப்பது அரை நோட்டு. தபால் இலாகா பொறுப்பேற்காது என்று தெரிந்து ஜனங்களே கண்டுபிடித்த இன்ஷூரன்ஸ்!

1877-ல் வி.பி.பி. வந்தது, அடுத்த வருஷம் இன்ஷூரன்ஸ், 1880-ல் மணியார்டர். வி.பி.பி. பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம், இப்போது வேண்டாம்.

இதையெல்லாம் சேர்த்துக் கட்டியது 1898-ம் வருஷத்து இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம். அதில் 6-வது பிரிவுதான் நம் நண்பர் படிக்க வேண்டியது. பொருள் தொலைந்தாலும், தவறான ஆளிடம் போனாலும், தாமதமானாலும், உடைந்தாலும் அரசாங்கம் பொறுப்பல்ல, சட்டம் தனியாகச் சொன்ன இடங்களைத் தவிர. அப்படிச் சொன்ன இடம் 33-வது பிரிவு. இன்ஷூர் செய்த பொருளுக்கு, இன்ஷூர் செய்த தொகைவரை நஷ்ட ஈடு உண்டு. அதுவும் பொருளின் நிஜ மதிப்புக்கு மேல் கிடையாது. பத்தாயிரம் ரூபாய் பொருளுக்கு ஐம்பதாயிரம் எழுதினால் பிரீமியம்தான் நஷ்டம்.

ரிஜிஸ்தர் செய்வது இன்னொரு விஷயம். ரசீது கிடைக்கும், கை மாறும் இடத்தில் பதிவு இருக்கும். அது சாட்சி, ஈடு அல்ல. இன்ஷூர் தபாலுக்கு எடையை ரசீதில் எழுதுவதும், அரக்கு முத்திரை வைப்பதும் வழக்கம். முத்திரைக்கு நாணயத்தை அழுத்தினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சொந்த அடையாளம் இருக்க வேண்டும். நாணயம் எல்லார் கையிலும் இருக்கிறதே!

ஸ்பீட் போஸ்ட் 1986 ஆகஸ்ட் 1-ம் தேதி ஆரம்பித்தது. 1999-ல் அதற்கு ஒரு நஷ்ட ஈட்டு விதி வந்தது. தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அது. 60 ரூபாய் கட்டியவருக்கு 120 ரூபாய். சங்கிலியின் விலை அந்தக் கணக்கிலேயே வராது.

சரி, நம்பருக்கு வருவோம். இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் 'ஐ.என்.' என்று நாடு. உலகத் தபால் ஒன்றியத்தின் முறை இது. ஒன்பதாவது எண் சும்மா வருவதில்லை. முதல் எட்டு எண்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழிக்க வேண்டும். 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது எண் 5. (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5.) போனில் அம்மா ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் பெரும்பாலும் இங்கேயே பிடித்துவிடலாம். ஆனால் எண் சரியாக இருப்பதால் உள்ளே இருப்பதற்கு மதிப்பு வந்துவிடாது.

1898 சட்டம் இப்போது இல்லை. 2023-ம் வருஷத்து அஞ்சல் அலுவலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 10-வது பிரிவும் விதிகளில் சொன்ன பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு இல்லை என்றுதான் சொல்கிறது. 2025-ல் ரிஜிஸ்தர் போஸ்டையும் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது ரிஜிஸ்தர் என்பது ஸ்பீட் போஸ்டின் மேல் தனியாகப் பணம் கட்டி வாங்கும் வசதி. இன்ஷூரன்சும் அப்படித்தான், கவுண்டரில் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டார். "அம்மா, முறுக்கை மட்டும் அனுப்பு. சங்கிலியை நாங்க பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கறோம்."

முறுக்குக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.