மன்னிக்கும் வீதி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் நம்மூர் வளைவில் மதகுச் சுவரில் மோட்டார் சைக்கிள் மோதி மௌத்தான பிள்ளை என்னிடம் வரலாறு படித்தவர். ஜனாஸா வீட்டில் என் காதில் விழுந்தது ஒரே பேச்சுத்தான்: "பொடியன் சரியான ஸ்பீட்." இருக்கலாம். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. வீதி ஒடுக்கமாக இருந்த காலத்தில் அது தாரிலிருந்து நன்றாகத் தள்ளியே இருந்தது. காபட் போட்டு அகலமாக்கியபோது வீதி சுவர்வரை வந்தது. சுவர் அப்படியே நின்றுவிட்டது. இப்போது காபட் ஓரத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

இதே கதை அமெரிக்காவில் அறுபது வருடங்களுக்கு முன் நடந்திருக்கிறது. அங்கேயும் விபத்து என்றால் ஓட்டியவர்தான் குற்றவாளி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் 'நட்டு' கழன்றுவிட்டது என்று பகிடியாகச் சொல்வார்கள். அதோடு ஃபைல் மூடப்பட்டுவிடும்.

அந்தப் பேச்சை முதலில் ஆட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் பொறியியலாளர் கென்னத் ஸ்டோனெக்ஸ். மிச்சிகன் மாநிலத்தின் மில்ஃபோர்ட் என்ற இடத்தில் அந்தக் கம்பனிக்கு 1924 முதல் ஒரு பரிசோதனைத் திடல் இருக்கிறது. புதிய கார்களை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே போட்ட வீதிகள். ஓட்டுபவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள். எதிரே வாகனம் வராதபடி ஒருவழிப் பாதைகள். மாடு குறுக்கே வராது, கடை வாசலில் யாரும் ஆட்டோ நிறுத்த மாட்டார்கள். அப்படியிருந்தும் கார்கள் வீதியைவிட்டு விலகிக்கொண்டே இருந்தன.

ஸ்டோனெக்ஸ் இங்கேதான் கேள்வியை மாற்றினார். கார் ஏன் விலகியது என்பதோடு நிற்காமல், விலகிய பிறகு அது எதில் மோதியது என்று பார்த்தார். மரம், கம்பம், ஆழமான வாய்க்கால். திடலில் அவற்றை அகற்றினார்கள், வாய்க்கால் சரிவுகளை மட்டமாக்கினார்கள். விலகிய வாகனங்களில் பத்தில் எட்டு, 30 அடிக்குள் நின்றுவிட்டன அல்லது திரும்பி வந்துவிட்டன. வீதி ஓரத்தில் 30 அடி வெறுமையாக இருக்க வேண்டும் என்ற அமெரிக்க அளவுகோல் இதிலிருந்து வந்ததுதான். 'மன்னிக்கும் வீதியோரம்' என்றே பொறியியலாளர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். பிழை செய்தவனுக்கு மரண தண்டனை கொடுக்காத வீதி.

ஆனால் அவர் இதை 1960 வாக்கில் பொறியியலாளர்கள் மத்தியில் எடுத்துச் சொன்ன பிறகும், புதிய நெடுஞ்சாலைகளில் பழைய பிழைகளையே கட்டிக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் சொல்லி அசையாததை அசைக்க உதவியவர் ஒரு டீவி திருத்துபவர்.

அவர் பெயர் ஜோசஃப் லிங்கோ, நியூயோர்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். பொறியியல் பட்டமோ பதவியோ கிடையாது. கையில் ஒரு கெமரா இருந்தது. வீதியோரத்தில் தேவையில்லாமல் நிற்கும் கொன்கிரீட் அடித்தளங்கள், பெயர்ப்பலகைகளின் தடித்த இரும்புக் கால்கள், காருக்குள் ஈட்டிபோல் பாயக்கூடிய பாதுகாப்பு வேலி முனைகள் எல்லாவற்றையும் படம் பிடித்தார். 1967 இல் ஜோன் பிளாட்னிக் தலைமையிலான பாராளுமன்ற உபகுழு (அங்கே கொங்கிரஸ் என்பார்கள்) வீதியோர ஆபத்துகளை விசாரித்தபோது அவரையும் அழைத்தது. அவர் படங்களைத் திரையில் ஓடவிட்டு ஒவ்வொன்றாக விளக்கினார். கட்டியவர்களுக்கே தெரியாத புது விஷயம் எதையும் அவர் காட்டவில்லை. எல்லோரும் தினமும் கடந்துபோன இடங்கள்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதே வருடம் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, அகற்றக்கூடியதை அகற்று, முடியாததை மோதினால் விழுவதாக மாற்று, அதுவும் முடியாவிட்டால் வேலி போடு என்ற பாதையில் போனது. மோதினால் விழும் கம்பம் என்பது பெரிய வித்தையல்ல. கம்பத்தின் அடியில் இரண்டு தகடுகளை போல்ட்டால் பூட்டியிருப்பார்கள். காற்றுக்கு அது அசையாது. வாகனம் இடித்தால் மேல்தகடு வழுக்கிப் பிரிந்துவிடும். டெக்சாஸ் ஆய்வாளர்கள் அறுபதுகளிலேயே அதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

நம்மூர் வீதிக்கு 30 அடி கேட்க நான் வரவில்லை. 30 அடி போனால் ஆட்களின் குசினிக்குள்தான் நிற்போம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முள்ளும் கல்லும்தான் என் உதாரணங்கள். கொன்கிரீட் சுவரை ஒருநாளும் சொன்னதில்லை.

கடந்த இரண்டு வாரமாகப் பாடசாலை விட்டு வரும்போது போனில் படம் எடுத்தேன். பெரிய பாலத்திலிருந்து சந்தை வரை பதினொரு இடங்கள். அகலமாக்கியும் நகர்த்தாத லைட் கம்பங்கள் நான்கு, மூடியில்லாத வடிகால் மூன்று, பெயின்ற் அடிக்காத மதகுச் சுவர்கள் மூன்று, பழைய பஸ் தரிப்பிடத்தின் உடைந்த தூண் ஒன்று. படங்களைக் கீழே போட்டிருக்கிறேன். சுவரை இடித்து மதகை நீட்டக் காசு வேண்டும், அது தெரியும். மஞ்சள் கறுப்புப் பெயின்றும் இரவில் மின்னும் ஸ்டிக்கரும் எவ்வளவு வந்துவிடப் போகிறது?

கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் நிற்பேன், கையெழுத்து வைக்க விரும்புபவர்கள் வாருங்கள். நான் தவறவிட்ட இடம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். திங்கட்கிழமை பிரதேச சபையில் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் வாப்பாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.